ஜெயிச்சாலும் புரமோஷன் இல்லை!

‘புரமோஷன்’ என்ற வார்த்தைக்கு இருக்கிற மகிமையே தனி. பத்தே காலுக்கு ஆபீஸுக்குள் நுழைந்து, பத்து இருபதுக்கு டீ குடிக்க வெளியே கிளம்புகிற ஆசாமிகூட, அந்த வார்த்தை காதில் விழுந்தால் முதுகை நிமிர்த்தி உட்காருவார். வந்தவருக்கு சந்தோஷம். வராதவருக்கு வந்தவர் மேல் வயிற்றெரிச்சல். உலகம் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சும்மா ஒரு கற்பனை. டிபார்ட்மென்ட் பரீட்சை வைக்கிறார்கள். நீங்கள்தான் ஃபர்ஸ்ட். மேலதிகாரி கூப்பிட்டு மாலை போட்டு, கையில் ஒரு வெள்ளிக் கோப்பையையும் கொடுத்து, “சபாஷ் தம்பி! இனிமே போய் உங்க பழைய சீட்லயே உட்காருங்க. மாடிக்கு நாங்க இன்னும் படிக்கட்டு கட்டலை!” என்கிறார். எப்படி இருக்கும்?

ஏறக்குறைய இதேதான் நம் தமிழ்நாட்டு கால்பந்து கிளப் ஒன்றுக்கு நடந்தது. வருஷம் 2019. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், படிக்கட்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

அதற்கும் முன்னால் என்னைப் பற்றி ஒரு வரி. நான் குடவாசல்காரன். தினமும் பஸ் பிடித்து கும்பகோணத்துக்குப் போய் ஒரு ஆபீஸில் குப்பை கொட்டுகிறேன். பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் குடம் உடைந்தபோது அதன் வாய்ப்பகுதி விழுந்த இடம்தான் எங்கள் ஊர் என்கிறது தல புராணம். வாய் விழுந்த ஊர் என்பதால் எங்களிடம் பேச்சுக்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை. எங்கள் டீக்கடை பெஞ்சில் கிரிக்கெட் பேச நாற்பது பேர். கால்பந்து பேச நாலே பேர். அந்த நாலில் நான் ஒருவன்.

ஏணி வந்த கதை

1888-ல் இங்கிலாந்தில் 12 கிளப்புகள் சேர்ந்து ‘ஃபுட்பால் லீக்’ ஆரம்பித்தன. நாலு வருஷம் கழித்து, 1892-ல், அதற்குக் கீழே இன்னொரு 12 கிளப்புகளோடு ‘செகண்ட் டிவிஷன்’ வந்தது. உலகத்துக் கீழ்ப்படி லீகுகளுக்கெல்லாம் இதுதான் தாத்தா.

வந்த முதல் வருஷமே வேடிக்கை. செகண்ட் டிவிஷனில் முதலிடம் பிடித்த கிளப் ஸ்மால் ஹீத். (இன்றைய பர்மிங்ஹாம் சிட்டி.) சரி, ஏற வேண்டியதுதானே? கிடையாது! மேலே கடைசியில் வந்த டீமோடு ஒரு ‘டெஸ்ட் மேட்ச்’ ஆடி ஜெயித்தால்தான் மாடி. ஸ்மால் ஹீத் அதில் தோற்றுப்போனது. மாடியில் தப்பித்துக்கொண்ட அந்தக் கடைசி டீமின் பேர் நியூட்டன் ஹீத். பேரைக் கேள்விப்பட்டதில்லையா? பின்னாளில் பேரை மாற்றிக்கொண்டது... மான்செஸ்டர் யுனைடெட்!

1898-ல் இந்த டெஸ்ட் மேட்சைத் தூக்கிவிட்டார்கள். ஜெயித்தால் ஏறு, தோற்றால் இறங்கு. அவ்வளவுதான் சட்டம். 1920-ல் மூன்றாவது டிவிஷன், 1958-ல் நாலாவது டிவிஷன் என்று ஏணி கீழே நீண்டது. நாலாவதுக்கும் கீழே மட்டும் ரொம்ப நாள் ஒரு கோளாறு இருந்தது. கடைசியில் வந்த கிளப்புகள் மற்ற கிளப்புகளிடம் போய் ஓட்டுக் கேட்கும். தெரிந்தவர், பழகியவர் என்று ஓட்டுப் போட்டு உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். (நம் சொசைட்டி எலெக்‌ஷன் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) 1987-ல் அந்தக் கதவும் திறந்தது. அந்த வருஷம் லிங்கன் சிட்டி கீழே இறங்கியது, ஸ்கார்பரோ மேலே ஏறியது. இறங்கிய லிங்கன் சிட்டி மூலையில் உட்கார்ந்து அழவில்லை. மறு வருஷமே ஜெயித்து ஏறி வந்துவிட்டது.

ஏணி சரியாக இருந்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2009-ல் மூன்றாவது தட்டில் ஜெயித்து ஏறிய லெஸ்டர் சிட்டி, 2016-ல் இங்கிலாந்தின் முதல் தட்டு சாம்பியன். ஏழே வருஷம். நம் ஆபீஸில் ஏழு வருஷத்தில் ஒரு நாற்காலி மாறாது!

நம் நாட்டில்...

இங்கிலாந்தில் லீக் ஆரம்பித்த அதே 1888-ல்தான் சிம்லாவில் டூரண்ட் கோப்பை ஆரம்பித்தது. 1893-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, 1898-ல் கல்கத்தா லீக். 1911-ல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்கார ரெஜிமென்டைத் தோற்கடித்து ஷீல்டைத் தூக்கியது. எல்லாம் பெருமையான கதைதான். ஆனால் நாடு முழுக்க ஒரு லீக்? அது வந்தது 1996 கடைசியில். இங்கிலாந்துக்கு 108 வருஷம் பின்னால்!

கோப்பைக்கும் லீகுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு தடவை டீக்கடையில் பெரிய விவாதம். எங்கள் பெஞ்சின் மூத்த உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். பட்டணத்தில் ஆபீஸ் டீமுக்கு பேக் ஆடியவர், ரிட்டயர் ஆகி ஊரோடு வந்துவிட்டவர். எங்களுக்கெல்லாம் மாமா. அவர் சொன்னார்:

“கப்புங்கிறது திருவிழா மாதிரி தம்பி. பத்து நாள் தேர், பல்லக்கு, பதினோராம் நாள் வெறிச்சுன்னு போயிடும். லீக்கு சாகுபடி மாதிரி. நாத்து விடணும், நடணும், களை பறிக்கணும், தண்ணி கட்டணும். ஒரு வாரம் அசந்தா கண்டுமுதல்ல தெரிஞ்சுடும்.”

டெல்டாக்காரனுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

1996-97-ல் நடந்த முதல் நேஷனல் லீகில் யார் யார் ஆடினார்கள் தெரியுமா? ஏர் இந்தியா, மஹிந்திரா, சென்னையிலிருந்து நம் இந்தியன் பேங்க்! சாம்பியனே ஒரு மில்தான். பஞ்சாபில் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. அப்போது பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஆபீஸ்காரர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, காலையில் பிராக்டிஸ், பிறகு லெட்ஜர். சென்னை லீகிலும் ஏ.ஜி. ஆபீஸ், கஸ்டம்ஸ், ஐ.சி.எஃப். என்று ஆபீஸ் டீம்கள்தான் பேர் வாங்கின. உங்கள் ஆபீஸில் யாராவது சீனியர் லேசாகக் காலைச் சாய்த்து நடந்தால் மூட்டு வலி என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு காலத்தில் சென்டர் ஃபார்வர்டாக இருந்திருப்பார்!

1997-98-ல் இந்த நேஷனல் லீகுக்கு ஒரு செகண்ட் டிவிஷனும் வந்தது. நம் நாட்டு ஏணியின் முதல் கீழ்ப்படி. அதே பருவத்தில் நேஷனல் லீகில் அதிக கோல் அடித்தவர் தமிழ்நாட்டு ராமன் விஜயன். ஆடியது எஃப்.சி. கொச்சினுக்கு. கம்பெனி, பேங்க் என்று இல்லாமல், கால்பந்தையே தொழிலாக வைத்து 1997-ல் ஆரம்பித்த கிளப் அது.

2007-ல் நேஷனல் லீகுக்கு ‘ஐ லீக்’ என்று புதுப்பேர். மறு வருஷம் அதற்கும் ஒரு செகண்ட் டிவிஷன். கிளப் என்றால் தொழில்முறையில் நடக்க வேண்டும், லைசென்ஸ் வேண்டும் என்று விதிகள் வந்தன. பழைய கம்பெனி டீம்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. 2010-ல் மஹிந்திரா. 2011-ல் முதல் சாம்பியன் ஜே.சி.டி.யே போய்விட்டது.

ஐஸாலின் தாவல்

ஆனாலும் ஏணி வேலை செய்தது. 2015-ல் ஐ லீக் செகண்ட் டிவிஷனை ஜெயித்து மேலே ஏறிய டீம், மிஸோரமிலிருந்து வந்த ஐஸால் எஃப்.சி. மறு பருவமே தோற்று இறங்க வேண்டிய நிலை. அதற்குள் கோவா கிளப்புகள் ‘நாங்கள் வரவில்லை’ என்று விலகிக்கொள்ள, ஐஸாலுக்கு மறு வாழ்வு. வந்த வாழ்வை என்ன செய்தார்கள்? 2016-17-ல் மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் பின்னால் தள்ளி, இந்தியாவின் சாம்பியன்! கோச், காலித் ஜமீல்.

அதே பருவத்தில்தான் தமிழ்நாட்டிலிருந்து சென்னை சிட்டி எஃப்.சி. ஐ லீகுக்குள் வந்தது. அடுத்த பருவம் கோயமுத்தூரைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. பேரில் சென்னை, ஊரில் கோவை. (தஞ்சாவூர் பொம்மை சென்னையில் விற்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.)

பக்கத்தில் ஒரு புது மாளிகை

இதற்கிடையில் பக்கத்து மனையில் ஒரு பளபளக் கட்டடம் எழும்பிவிட்டது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010 டிசம்பரில் ரிலையன்ஸ் - ஐ.எம்.ஜி. கூட்டணியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 15 வருஷம், 700 கோடி ரூபாய். அதிலிருந்து 2014-ல் பிறந்தது ஐ.எஸ்.எல். எட்டு டீம். சினிமா நட்சத்திரம், கிரிக்கெட் நட்சத்திரம், வாண வேடிக்கை. நம் சென்னையின் எஃப்.சி.யும் உண்டு.

இந்த மாளிகைக்கு ஒரு விசேஷம். வெளியிலிருந்து ஏறப் படிக்கட்டு கிடையாது. லிஃப்ட் மட்டும்தான். லிஃப்டில் ஏற மைதானத்தில் ஜெயித்தால் போதாது, டெண்டரில் ஜெயிக்க வேண்டும். உள்ளே இருக்கிறவர் யாரும் கடைசி இடம் வந்தாலும் இறங்க வேண்டியதில்லை. 2017-ல் பெங்களூரு எஃப்.சி.யும் ஜாம்ஷெட்பூரும் இப்படித்தான் உள்ளே போயின. அதே வருஷம் ஐ லீக் சாம்பியனான ஐஸால் வாசலில் நின்றது. கதவு திறக்கவில்லை.

ஐ.எஸ்.எல்.லைக் குறை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு நல்ல சம்பளம் வந்தது, நல்ல புல்தரை வந்தது, டி.வி. வந்தது. வராத ஒரே சாமான் படிக்கட்டு.

மார்ச் 9

2018-19 பருவம். 11 கிளப், ஆளுக்கு 20 ஆட்டம். சென்னை சிட்டியின் கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். முன்னால் கோல் அடிக்க பெட்ரோ மான்ஸி. அந்தப் பருவத்தில் மட்டும் 21 கோல்! சுற்றிலும் எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ யேசுராஜ் என்று நம் பிள்ளைகள்.

கடைசி நாள், மார்ச் 9. சென்னை சிட்டிக்கு 40 பாயிண்ட். ஈஸ்ட் பெங்காலுக்கு 39. ஒரே ஒரு பாயிண்ட்! கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா பஞ்சாப், முந்தைய வருஷ சாம்பியன். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம். இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில்.

ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. எங்கள் டீக்கடையில் ஒரே ஒரு செல்போனில் நாலு தலை. ஃபோன் வைத்திருந்தவன் கையை ஆட்டினால் மூன்று பேர் அதட்டினோம். இடைவேளை வரை 0-1. மாமா வெற்றிலையை மடிக்க மறந்து அப்படியே கையில் வைத்திருந்தார். பிறகு மான்ஸி ஒரு பெனால்டி. 1-1. அப்புறம் கௌரவ் போரா. இவர் தடுப்பாட்டக்காரர், கோல் போடுவது இவர் வேலையே இல்லை. அன்றைக்குப் பார்த்து இரண்டு போட்டார்! 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. பிரயோஜனம் இல்லை. 43-க்கு 42. தமிழ்நாட்டுக்கு முதல் ஐ லீக் கோப்பை.

“இப்ப என்ன மாமா, ஐ.எஸ்.எல்.லுல ஆடுவாங்களா?” என்று கேட்டான் ஃபோன்காரன்.

“எங்கேர்ந்துடா? கப்பு குடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. அவ்வளவுதான்” என்றார் மாமா. அப்போதுதான் வெற்றிலை ஞாபகம் வந்தது அவருக்கு.

மாமா வாக்கு பலித்தது. 2019 அக்டோபரில் ஆசிய கால்பந்து கூட்டமைப்பு ஒரு திட்டத்துக்கு முத்திரை குத்தியது. இனி நாட்டின் முதல் லீக் ஐ.எஸ்.எல். ஐ லீகை ஜெயிக்கிறவருக்கு மாடிக் கதவு 2022-23-லிருந்து திறக்கும். சென்னை சிட்டி ஜெயித்தது 2019-ல். மூன்று வருஷம் அவசரப்பட்டுவிட்டார்கள் போலிருக்கிறது!

சாம்பியன் கிளப் சிறுகச் சிறுகத் தேய்ந்தது. 2021-22 ஐ லீக் பட்டியலில் சென்னை சிட்டி பேரே இல்லை. ஆட்டக்காரர்கள் மட்டும் தனித்தனியாக லிஃப்ட் ஏறினார்கள். எட்வின் சென்னையினுக்கு, யேசுராஜ் கோவாவுக்கு. அவர்களுக்கு முன்பே, குமரி மாவட்டத்து மீனவ கிராமமான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்து சென்னை சிட்டியில் ஒரு பருவம் ஆடிய மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் போயிருந்தார். கீழ்ப்படி லீக் இல்லையென்றால் இந்தப் பிள்ளைகளை யார் பார்த்திருப்பார்கள்?

மான்ஸி? அவர் 2020-ல் ஜப்பானுக்குப் போனார், ஆல்பிரெக்ஸ் நீகாட்டா என்ற கிளப்புக்கு. அது ஆடியது அங்கே இரண்டாவது தட்டில். ஜப்பான் தன் தொழில்முறை லீகை ஆரம்பித்தது 1993-ல், நமக்கு மூன்றே வருஷம் முன்னால். 1999-ல் இரண்டாவது தட்டு வைத்தார்கள், ஏற இறங்கப் படிக்கட்டும் வைத்தார்கள். 2022-ல் அந்த நீகாட்டா கிளப் இரண்டாவது தட்டை ஜெயித்தது. 2023-ல் முதல் தட்டில் ஆடியது. யாரிடமும் மனு கொடுக்கவில்லை.

கதவு திறந்தது... பாதி!

நடுவில் கோகுலம் கேரளா 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு தடவை ஐ லீகை ஜெயித்தது. அவர்களுக்கும் கோப்பை, போட்டோ மட்டும்தான். 2023-ல்தான் முதல் தடவையாக ஐ லீக் சாம்பியன் ஒருவர் மாடி ஏறினார். யார் தெரியுமா? பஞ்சாப் எஃப்.சி. அன்றைக்குக் கோவையில் 3-1 என்று தோற்றுப்போன அதே மினர்வா பஞ்சாப், புது முதலாளி, புதுப்பேரோடு!

2024-ல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. 2025-ல் பெரிய கூத்து. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸா, வாரணாசியின் இன்டர் காசியா, யார் சாம்பியன் என்று தகராறு. தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கினார்கள் என்ற புகார், அப்பீல், அதற்கு மேல் அப்பீல். கடைசியில் ஜூலை மாதம் சுவிட்சர்லாந்தில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பு சொன்னது. வரப்புத் தகராறு ஹைகோர்ட் வரை போவதை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறோம். ஆஃப்சைடு தகராறு ஆல்ப்ஸ் மலை வரை போகும் என்று அப்போதுதான் தெரிந்தது!

கீழேயும் இரண்டு படி முளைத்திருக்கிறது. மூன்றாவது தட்டு ‘ஐ லீக் 2’. நாலாவது தட்டு, 2023-ல் வந்த ‘ஐ லீக் 3’. ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு அதில் ஜெயித்து, 2024-ல் ஐ லீக் 2-லும் ஜெயித்து, அதே வருஷம் ஐ லீகில் போய் நின்றது. இரண்டு தாவலில் நாலாவதிலிருந்து இரண்டாவது!

அப்படியானால் குறை என்ன? ஏறினார்களே தவிர, மேலேயிருந்து யாரும் இறங்கவில்லை. 2024-25 பருவம் முடியும்வரை ஐ.எஸ்.எல்.லிலிருந்து ஒரு கிளப்கூட கீழே போனதில்லை. கும்பகோணம் பஸ்ஸில் தினமும் போகிறவன் நான். இறங்குகிறவர் இறங்கினால்தானே ஏறுகிறவருக்கு இடம்? அதற்குள் 15 வருஷ ஒப்பந்தம் முடிகிற நேரமும் வந்துவிட்டது. அடுத்து என்ன என்று முடிவாகாமல் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைத்தார்கள். வழக்கமாக செப்டம்பரில் ஆரம்பிக்கிற ஆட்டம் அந்த வருஷம் ஆரம்பிக்கவில்லை. பூமியில் நிற்கிற ஏணி மழைக்கும் தாங்கும். ஒப்பந்தத்தில் தொங்குகிற லிஃப்ட், கரன்ட் போனால் நின்றுவிடும்.

குடவாசலிலிருந்து எத்தனை படி?

அறுப்பு முடிந்த வயலில் எங்கள் பையன்கள் சாயங்காலம் பந்து உதைக்கிறார்கள். இரண்டு பக்கமும் செருப்பை வைத்தால் கோல் போஸ்ட். வருஷத்துக்கு ஒரு டோர்னமென்ட், மைக் செட், கோப்பை, கூட்டம். பிறகு அடுத்த வருஷம்தான்.

“இதுல நாலு பயலுக்கு நல்ல காலு இருக்கு” என்கிறார் மாமா. “ஆனா இவன் எங்கே போய் ஆடுவான்? பட்டணத்துக்குப் போனா சோத்துக்கு யாரு, தங்க யாரு? நடுவுல ரெண்டு படி வேணுங்கிறேன்.”

மாமா கேட்பது பெரிய விஷயம் இல்லை. குடவாசல், நன்னிலம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, திருவாரூர் என்று ஆறு ஊர், ஆறு டீம். இங்கே ஒரு ஆட்டம், அங்கே ஒரு ஆட்டம் என்றால் டீமுக்குப் பத்து ஞாயிற்றுக்கிழமை. பஸ் சார்ஜ், ஒரு பந்து, ஒரு விசில், சுண்ணாம்புக் கோடு. கடைசியில் வருகிறவர் அடுத்த வருஷம் ஏழாவதாக ஒரு ஊருக்கு இடம் விட வேண்டும். அவ்வளவுதான் செகண்ட் டிவிஷன்!

போன வாரம் இதைப் பெஞ்சில் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். ஃபோன்காரன் கோடு போட்டு அட்டவணை தயார் செய்தான். முதல் ஆட்டம், குடவாசல் - நன்னிலம், எங்கள் ஊரில். தேதி மட்டும் இன்னும் எழுதவில்லை. சம்பா அறுப்பு முடிந்து வயல் காய வேண்டும்.